நீர்மட்டமும் விலைமட்டமும்
வன்னியின் பொருளியல் வரலாற்றில் இழப்புக்கு எல்லை வகுத்தல்

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு பெரும்பாலும் குளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு, பாவற்குளம் என்னும் பெயர்களைக் கூறாது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களின் வாழ்வை விளக்குதல் அரிது. ஆயினும் குளத்து நீர் நெல்லாகிய பின்னர், அந்நெல் பணமாகும் இடத்தில் நிகழ்ந்தவை அத்துணை கவனம் பெறவில்லை. மழை பொய்த்தமையால் நொந்த உழவனைப் பற்றி எழுதியோர் பலர். நல்ல விளைவு கண்ட ஆண்டிலேயே விலையால் வீழ்ந்த உழவனைப் பற்றி எழுதியோர் சிலரே. இன்று கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள இளைஞர் கையிலுள்ள தொலைபேசியிலேயே பங்கு விலைகளின் வரைபடத்தைக் காணக்கூடிய நிலை தோன்றியுள்ளது. ஆதலின், விலையோடு வாழும் ஒழுங்கு இம்மண்ணில் எவ்வாறு இருந்தது, எங்கே பிழைத்தது என்பதை வரலாற்று வழி நோக்குதல் பயனுடையதாகும்.

விலையின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு வாணிகஞ் செய்வோர் இரு கலைகளைக் கற்க வேண்டியவராவர். விலை சென்ற வழியைக் கொண்டு அது செல்லக்கூடிய வழியை ஊகித்தல் ஒன்று. ஊகம் பொய்த்தவிடத்து இழப்பு இவ்வளவிற்கு மேற் போகாது என முன்னரே எல்லை வகுத்தல் மற்றொன்று. முன்னையது கண்ணுக்கு இனியது. பின்னையது மனத்துக்குக் கடியது. ஆதலினாலேயே முன்னையதைக் கற்பார் தொகை பெரிதாகவும் பின்னையதைக் கைக்கொள்வார் தொகை சிறிதாகவும் எந்நாட்டிலும் காணப்படுகின்றன. வன்னியின் வரலாறு இதில் ஒரு வியப்பான முரணைக் காட்டுகின்றது. எல்லை வகுக்கும் கலையை இந்நிலத்து மக்கள் நீரின் பொருட்டு நெடுங்காலம் கைக்கொண்டு வந்தனர். விலையின் பொருட்டு அதனைக் கைக்கொள்ளவில்லை. கைக்கொள்வதற்கான வாய்ப்பும் அவர்களுக்குப் பெரிதும் கிட்டவில்லை.

விலையை வரைபடமாக்கிக் கற்கும் கலை நெல்லோடு தொடர்புடையது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. யப்பானின் ஒசாக்கா நகரிலே, நிலப்பிரபுக்கள் வரியாகப் பெற்ற அரிசி பண்டகசாலைகளில் குவிக்கப்பட்டது. அவ்வரிசிக்குரிய சீட்டுகள் கைமாறத் தொடங்கின. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வாணிகம் டோஜிமா என்னும் இடத்தில் நிலைகொண்டது. 1730 ஆம் ஆண்டில் அரசின் அங்கீகாரத்தையும் பெற்றது. இனிமேற் கையளிக்கப்படும் அரிசிக்கு இன்றே விலை பேசும் முறை அங்கு ஒழுங்குபெற்றது. சக்காத்தா நகரத்து அரிசி வணிகரான ஹொன்மா முனேஹிசா (1724 - 1803) விலையின் போக்கையும் வணிகர் மனத்தின் போக்கையும் ஒருங்கே ஆராய்ந்தவராகப் போற்றப்படுகின்றார். ஒரு நாளின் தொடக்க விலை, முடிவு விலை, உச்சம், தாழ்வு ஆகிய நான்கினையும் ஒரே உருவில் அடக்கும் ‘மெழுகுதிரி’ வரைபடத்தை அவரோடு சார்த்திக் கூறுவது மரபு. எனினும் அதன் இன்றைய வடிவம் அவர் காலத்துக்குப் பிந்தியது என்பாரும் உளர்.

மேலைநாட்டில் இக்கலைக்கு அடிகோலியவராகக் கருதப்படுபவர் சார்ள்ஸ் டவ். 1896 ஆம் ஆண்டு மே மாதத்திலே கைத்தொழிற் பங்குகளின் சராசரிச் சுட்டெண்ணை அவர் வெளியிடத் தொடங்கினார். பின்வந்தோர், விலை மீண்டும் மீண்டும் வீழாது நிற்கும் மட்டத்தைத் தாங்கு நிலை என்றும், மீண்டும் மீண்டும் ஏறாது திரும்பும் மட்டத்தைத் தடை நிலை என்றும் வகுத்தனர். கடந்த சில நாட்களின் சராசரியை நாடோறும் புதுக்கிக் கணித்துப் போக்கை அறியும் முறையும் வளர்ந்தது. இவையனைத்தும் குறி காணும் கலையின் பாற்பட்டவை.

எல்லை வகுக்கும் கலைக்கு எளிய கணக்கே அடிப்படை. நூறு ரூபாவில் ஐம்பதை இழந்தவன் பழைய நிலைக்கு மீள, எஞ்சிய ஐம்பதை இருமடங்காக்க வேண்டும். இருபதை இழந்தவனுக்கோ நூற்றுக்கு 25 வீத ஆதாயம் போதும். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் நூற்றுக்கு 2 வீதத்தை மட்டும் இழப்புக்கு உட்படுத்துபவன் பத்து முறை தொடர்ந்து தோற்பினும், அவனிடம் 81 ரூபாவுக்கு மேல் எஞ்சும். 10 வீதத்தை உட்படுத்துபவனிடம் 35 ரூபா கூட எஞ்சாது. 1983 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் றிச்சர்ட் டெனிஸ் என்னும் வணிகர், வாணிகத்தில் பெரிதும் பழக்கமில்லாத ஒரு சிறு குழுவினரைத் திரட்டினார். இத்தொழில் பிறவியில் வருவதன்று, கற்பிக்கக் கூடியது எனக் காட்ட முற்பட்டார். ‘ஆமைகள்’ எனப் பெயர் பெற்ற அம்மாணாக்கருக்கு எப்பொழுது வாங்குவது என்பதோடு, எவ்வளவு வாங்குவது, எவ்விடத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறுவது என்பனவும் விதியாகவே கற்பிக்கப்பட்டன. அவர்களுட் பலர் பெரும் ஆதாயம் ஈட்டினர். விதியை அறிதல் எளிது, நட்டம் நேரும் நாளில் அவ்விதியின்படி நிற்றலே அரிது என்பது அம்முயற்சியினின்று பெறப்பட்ட படிப்பினையாகும்.

இக்கணக்கு வன்னிக்குப் புதியதன்று. குளத்தின் கீழ் விதைப்பு எவ்வாறு தீர்மானிக்கப்பட்டு வந்தது என்பதை நோக்குவார்க்கு இது விளங்கும். பழைய கிராமக் குளங்களின் நீர்ப்பங்கீட்டு வழக்கங்களுக்கு 1856 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உயிரளிக்க முற்பட்டது. 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் போகத்துக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் தீர்மானத்துக்குச் சட்ட வலுவை வழங்கியது. கனகராயன் ஆற்றை மறித்து, 1902 ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியால் உருவான இரணைமடு, பின்னர்ப் பல முறை உயர்த்தப்பட்டது. அதன் கீழ் ஏறத்தாழ இருபதாயிரம் ஏக்கர் வயல் உண்டு. அண்மைய மீளமைப்பின் பின் 36 அடியை முழு மட்டமாகக் கொண்ட அக்குளத்தின் நீர்மட்டத்தை ஊரவர் அடிக்கணக்கிற் கூறுவது வழக்கம்.

மாரி மழையோடு கூடிய காலபோகத்தில் நிலம் முழுவதையும் விதைத்தல் இயலும். சிறுபோகத்துக்கோ குளத்தில் எஞ்சிய நீரன்றி வேறு துணையில்லை. எனவே நீர்மட்டத்தை அளந்து, ஆவியாதலுக்கும் கசிவுக்கும் ஒரு பகுதியைத் தள்ளி, எஞ்சியது எத்தனை ஏக்கருக்குப் போதும் எனக் கணித்த பின்னரே விதைப்பின் அளவு முடிவாகும். எடுத்துக்காட்டாக, பயன்படுத்தத்தக்க நீர் 32,000 ஏக்கர் அடியாகவும், ஓர் ஏக்கர் நெல்லுக்கு வேண்டிய நீர் நான்கு ஏக்கர் அடியாகவும் இருப்பின், 8,000 ஏக்கரே விதைக்கலாம். எஞ்சிய நிலம் தரிசாகக் கிடக்கும். விதைக்கும் பகுதியை உரியவர்கள் பங்கிட்டுக்கொள்வர். சிங்களக் கிராமங்களில் இவ்வாறு பகிர்வதைப் ‘பெத்ம’ என்பர். விதைப்புக்குக் கடைசி நாள், நெல்லினத்தின் வயது, துருசு திறக்கும் நாள், மூடும் நாள் ஆகியன யாவும் விதை மண்ணில் விழுமுன்னரே முடிவு செய்யப்படும்.

பங்கு வாணிகத்தில் இழப்புக்கு எல்லை வகுப்போர் செய்யும் கணக்கும் இதுவே. ஒருவரிடம் 1,00,000 ரூபா உண்டு. அதில் 2,000 ரூபாவுக்கு மேல் ஒரு முயற்சியில் இழக்க அவர் விரும்பவில்லை எனக் கொள்வோம். 50 ரூபாவுக்கு வாங்கும் பங்கு 45 ரூபாவுக்கு இறங்கினால் விற்றுவிடுவதென அவர் தீர்மானிப்பின், பங்கொன்றுக்கு இழப்பு 5 ரூபா. ஆகவே அவர் வாங்கத்தக்கது 400 பங்குகளே. தாங்கக்கூடிய இழப்பை ஒரு பங்கின் இழப்பால் வகுத்து வாங்கும் அளவைக் காண்பதும், உள்ள நீரை ஓர் ஏக்கரின் தேவையால் வகுத்து விதைக்கும் அளவைக் காண்பதும் ஒரே இயல்பின. இரண்டிலும் அளவைத் தீர்மானிப்பது ஆசையன்று, இருப்பேயாகும். கூட்டத் தீர்மானத்தை மீறி மேலதிகமாக விதைத்தவனின் பயிர் கடைசி நீர் கிடைக்காது கதிர்ப் பருவத்திலே கருகும் என்பதை அறியாத உழவன் வன்னியில் இல்லை.

நீரில் இத்துணைக் கண்டிப்புடன் ஒழுகிய சமூகம் விலையில் எவ்வாறு ஒழுகியது? சிறு உழவனுக்கு விலையைத் தெரிந்து விற்கும் உரிமை பெரும்பாலும் இருக்கவில்லை. விதைநெல்லையும் சாப்பாட்டு நெல்லையும் கடனாகப் பெற்று, அறுவடையில் ‘பொலி’ எனப்படும் நெல்வட்டியோடு திருப்பிக் கொடுத்தவனுக்குச் சூடடித்த களமே சந்தையாயிற்று. எல்லாரும் விற்கும் மாதத்தில் விலை தாழும், எல்லாரும் வாங்கும் மாதத்தில் அது ஏறும் என்பது அவனுக்குத் தெரியாததன்று. விலையின் பருவ அலையை அவன் எந்த வரைபடமும் இன்றி அறிந்திருந்தான். காத்திருப்பதற்கு வேண்டிய களஞ்சியமும் கடனற்ற கையும் அவனிடம் இல்லாமையே குறை. குறி காணும் அறிவு ஒருவனிடம் இருக்க, காத்திருக்கும் ஆற்றல் இன்னொருவனிடம் இருந்தமையால், அறிவின் பயன் ஆற்றலுடையவனையே சென்றடைந்தது.

இக்குறையை நீக்க அரசு எடுத்த முயற்சிகள் குறிப்பிடத்தக்கன. 1948 ஆம் ஆண்டு தொடங்கிய உத்தரவாத விலைத் திட்டம் நெல்லின் விலைக்கு ஒரு கீழெல்லையை வகுத்தது. 1971 ஆம் ஆண்டில் நெல் சந்தைப்படுத்தும் சபை நிறுவப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் கொள்வனவு நிலையங்களாக இயங்கின. நீருக்குத் துருசு எவ்வாறோ, அவ்வாறே விலைக்கு ஒரு பொது அணை தோன்றியது எனலாம். ஆயின் அவ்வணை நெல்லுக்கு அமைந்த அளவுக்கு உறுதியாகத் தோட்டப் பயிர்களுக்கு அமையவில்லை.

இதன் விளைவை 1970களின் மிளகாய்க் காலம் தெளிவாகக் காட்டுகின்றது. 1970 ஆம் ஆண்டில் பதவியேற்ற அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாகச் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலைகள் உயர்ந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் தோட்டச் செய்கை விரைந்து பரவியது. படித்து வேலையற்றிருந்த இளைஞருக்காக விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் அமைக்கப்பட்ட குடியேற்றத் திட்டங்களில் மிளகாய் முதன்மைப் பயிராயிற்று. உத்தியோகமே உயர்வு எனக் கருதிய சமூகத்தில், மண்வெட்டி பிடித்த படித்த இளைஞன் எழுதுவினைஞரிலும் மேலாக உழைக்கலாம் என்னும் நிலை தோன்றியமை அக்காலத்தின் பெருஞ் சாதனையாகும். அதனைக் குறைத்து மதிப்பிடல் தகாது. காடு வெட்டிய கைகளின் உழைப்பு மெய்யானது. அவர்கள் கண்ட வளமும் மெய்யானதே.

ஆயின் அவ்வுயர்ந்த விலை எதன்மேல் நின்றது என்னும் வினா போதியளவு எழவில்லை. அது மண்ணின் வளத்தின் மேலோ, விளைச்சற் செலவின் மேலோ மட்டும் நிற்கவில்லை. கொழும்பில் இடப்பட்ட ஒரு கையொப்பத்தின் மேலும் நின்றது. ஏழாண்டு உயர்ந்திருந்த விலையை நோக்கிய எவனும் எட்டாம் ஆண்டும் அது உயர்ந்தேயிருக்கும் என எண்ணுதல் இயல்பு. வரைபடத்தில் அப்போக்கை வரைந்திருப்பினும் கோடு மேல்நோக்கியே சென்றிருக்கும். 1977 ஆம் ஆண்டு யூலைத் தேர்தலில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பர் வரவுசெலவுத் திட்டத்துடன் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரிதும் தளர்த்தப்பட்டன. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் சந்தைக்கு வந்தன. வடக்கின் தோட்டக்காரர் அடைந்த வீழ்ச்சி அடுத்த பல ஆண்டுகளின் அரசியலிலும் எதிரொலித்தது.

இவ்வீழ்ச்சியை முன்னறிந்திருக்க வேண்டும் என உழவரைக் குறை கூறுவது நீதியாகாது. குறி காணும் கலைக்கு இவ்விடத்திலே ஓர் எல்லை உண்டு. கடந்த விலைகள் கடந்தவற்றையே பேசும். இனி அச்சாகப் போகும் வர்த்தமானி அறிவித்தலை அவை பேசமாட்டா. முன்னறிய இயலாதது எனினும் முன்னரே அளவிட இயலுவதாய் ஒன்று இருந்தது. விலை பாதியாக வீழின் இக்கடனைத் தீர்க்க முடியுமா, இக்காணி முழுவதையும் மிளகாய்க்கு விடுதல் தகுமா, நீரிறைக்கும் இயந்திரத்தின் தவணைப் பணத்தை நெல்லினாலாவது கட்ட முடியுமா என்பனவே அவ்வளவிடும் வினாக்கள். சிறுபோகக் கூட்டத்திலே ஆண்டுதோறும் கேட்கப்பட்ட வினாக்களின் மறுவடிவமே இவை. ஆனால் மிளகாய்க்குக் கூட்டம் கூடவில்லை. நீர் வற்றுவது கண்ணுக்குத் தெரிந்தது. விலை வற்றுவது தெரியவில்லை. குளத்துக்கு இருந்த அளவுகோல் சந்தைக்கு நடப்படவில்லை.

பின்வந்த போர்க்காலம் இக்கருத்துக்கு ஒரு திருத்தத்தையும் கற்பிக்கின்றது. 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்ட பின், எரிபொருள், உரம், சீமெந்து முதலியவை வன்னிக்குள் வருவதற்குத் தடைகளும் கட்டுப்பாடுகளும் இருந்தன. ஏ-9 வீதி திறந்திருப்பதும் மூடியிருப்பதுமே விலையை ஆண்டன. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் அவ்வீதி திறக்கப்பட்டபோது ஓமந்தை ஊடாகப் பொருள்கள் வந்தன, விலைகள் இறங்கின. 2006 ஆகத்து மாதத்தில் அது மீண்டும் மூடப்பட்டது. 2008 - 2009 காலப்பகுதியில் மக்கள் நெல்லையும் மாட்டையும் உழவு இயந்திரத்தையும் வழிநெடுக விட்டு, இறுதியில் உயிரையும் பல்லாயிரக்கணக்கில் இழந்தனர். இழப்புக்கு எல்லை வகுத்தல் என்பது வெளியேறும் வாயில் ஒன்று உளது என்னும் எண்ணத்தின் மேல் நிற்பது. வாயிலே அடைபட்ட இடத்தில் எத்தனிமனித ஒழுங்கும் துணைசெய்யாது. இதனை மறந்து ஒழுங்கை மட்டும் போற்றுவது, நொந்தவர் மேலேயே பழியைச் சுமத்துவதாகும்.

போர் முடிந்த பின்னர் நிலைமை வேறு வடிவம் பெற்றது. 1896 ஆம் ஆண்டில் தேயிலைத் தோட்டக் கம்பனிகளின் மூலதனத் தேவையை ஒட்டிக் கொழும்பிலே பங்குத் தரகர் சங்கமாகத் தொடங்கிய நிறுவனம், 1985 இல் முறையான பங்குச் சந்தையாக உருவெடுத்திருந்தது. சமாதான நம்பிக்கையில் அதன் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2009 இல் நூற்றுக்கு 125 வீதமளவிலும், 2010 இல் 96 வீதமளவிலும் ஏறியது. உலகின் மிக உயர்ந்த ஏற்றங்களுள் ஒன்றாக அது பேசப்பட்டது. 2011 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்ட சுட்டெண் பின்னர் இறங்கலாயிற்று. தரகரிடம் கடன்பெற்று வாங்கியோர், கடனைத் தீர்ப்பதற்காகவே இறங்கு விலையில் விற்க வேண்டியவராயினர். களத்திலே பொலிக்காக நெல்லை அளந்து கொடுத்த உழவனின் நிலைக்கும் இவர்தம் நிலைக்கும் வேற்றுமை சிறிதே. காத்திருக்க இயலாதபடி கடன் இருவரையும் கட்டியது.

அதே காலத்தில் வன்னியின் நகரங்களில் வங்கிக் கிளைகளும் குத்தகைக் கடன் நிறுவனங்களும் பெருகின. உழவு இயந்திரமும் முச்சக்கர வண்டியும் தவணைக்கு வந்தன. நுண்கடன் வீடுதோறும் சென்றது. வறட்சியும் வெள்ளமும் மாறி வந்தன. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி மாவட்டத்தின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. மிளகாய்க் காலத்திற் போலவே ஒரு கையொப்பம் விளைச்சலையும் விலையையும் ஒருங்கே அசைத்தது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை இடைநிறுத்தியபோது பங்குச் சந்தையே ஒரு வாரம் மூடப்பட்டது. விற்கத் தீர்மானித்தவனும் விற்க இயலாத நாட்கள் கொழும்பிலும் உண்டு என்பது அப்போது புலனாயிற்று.

2020 முதல் கொழும்புக்குச் செல்லாமலே பங்குக் கணக்குத் திறக்கும் வசதி ஏற்பட்டுள்ளது. வரைபடங்களும் சராசரிக் கோடுகளும் எவர்க்கும் எட்டும் தூரத்தில் உள்ளன. ஒருகாலத்தில் டோஜிமா வணிகர் காத்து வைத்த கலை இன்று பொதுவுடைமையாகியிருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் குறி காணும் கலை மட்டும் பரவி, எல்லை வகுக்கும் கலை பரவாதுவிடின், மிளகாய்க் காலத்தின் கதை வேறு பெயரில் மீண்டும் எழுதப்படும். இருமுறை பெயர்ந்து, ஒருமுறை யாவற்றையும் இழந்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. அதனை இழப்பதென்பது இப்பிரதேசத்துக் குடும்பங்களுக்கு வெறும் எண்ணின் குறைவன்று. மகளின் படிப்பு, வீட்டின் கூரை, மீட்கப்படாத காணி உறுதி ஆகியவற்றின் குறைவாகும்.

இரணைமடுக் கூட்டத்தின் ஒழுங்கு நிலைத்தமைக்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, அது போகம் தொடங்குமுன், பயிரின் பசுமை மனத்தை மயக்குமுன், செய்யப்பட்ட தீர்மானம். இரண்டாவது, அது தனியொருவனின் மனவுறுதியை மட்டும் நம்பவில்லை. துருசின் திறவுகோல் பொதுவில் இருந்தது. பங்கு வாணிகத்தில் இவ்விரண்டும் தனிமனிதன்மேற் சுமத்தப்படுகின்றன. கூட்டத்தைத் தானே கூட்டி, தீர்மானத்தைத் தானே எழுதி, நட்டம் வரும் நாளில் துருசைத் தானே மூட வேண்டியவனாக அவன் இருக்கின்றான். வாங்குமுன் விற்கும் இழப்பு விலையை எழுதி வைத்தலும், கடன்பட்டு வாங்காமையும், விதைநெல்லை ஒப்ப ஒரு பகுதியைத் தொடாது வைத்தலும் இதனாலேயே இன்றியமையாதனவாகின்றன. ஊர்க் கூட்டுறவுகளும் பாடசாலைகளும் இவ்வறிவைப் பொதுவிற் கற்பிக்குமாயின், தனிமனிதனின் சுமை ஓரளவு குறையும்.

விலை நாளை எங்கே செல்லும் என்பதற்கு வன்னியின் வரலாறு விடை கூறவில்லை. எவ்வரலாறும் அதனைக் கூறாது. குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு எனப் பார்த்த பின்னரே விதை என்பதையே அது மீண்டும் மீண்டும் உணர்த்துகின்றது. அளவுகோலை முதலில் நடுக. வரைபடத்தைப் பின்னர் விரிக்க. நீரிலே நெடுங்காலம் பழகிய இவ்வொழுங்கு விலையிலும் வேரூன்றுமாயின், வன்னி மக்களின் உழைப்பு அவர்களிடமே எஞ்சும் காலம் வரும் எனத் துணியலாம்.